இரண்டாவது டார்ச்சையும் பெட்டியில் வை

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. மாலத்தீவில் இரவு முக்குளிக்கப் போகும் பயணத்துக்குப் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டதாகவும், எடையைக் குறைப்பதற்காகச் சிறிய டார்ச்சை வெளியே எடுத்து வைத்துவிட்டதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். புதிதாக வாங்கிய பெரிய விளக்கு ஒன்றே போதும், அதன் வெளிச்சம் பகலைப் போல இருக்கிறது என்றாய். பேச்சுவாக்கில் மறுத்தால் உன்னைப் பயமுறுத்துவது போலாகிவிடும் என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். இரவெல்லாம் அதே நினைவாக இருந்ததால் காலையில் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் நான் இரவு முக்குளித்த கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீருக்குள் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பாறை இடுக்கில் ஒரு கிளிமீன், தன் உடம்பைச் சுற்றிக் கண்ணாடித் தாள் போன்ற சளிக்கூட்டைப் போர்த்துக்கொண்டு உறங்குவதைப் பார்த்தபடி இருந்தேன். கையிலிருந்த வெளிச்சம் மெல்ல மஞ்சளாகி, ஒருமுறை துடித்து, அணைந்துபோயிற்று. என்னோடு இறங்கிய துணை பெரிய பவளப் பாறைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அவருடைய வெளிச்சமும் தெரியவில்லை. காற்று எவ்வளவு மிச்சம், ஆழம் எவ்வளவு என்று பார்க்க வழியில்லை. இடது தோள்பட்டை வளையத்தில் மாட்டியிருந்த சிறிய டார்ச்சை விரல்கள் தடவிக் கண்டுபிடித்து அழுத்திய பிறகுதான் என் மூச்சு சீரானது. நீ இப்போது வெளியே எடுத்து வைத்திருக்கிறாயே, அதே டார்ச்தான் அது.

கரைக்கு வந்து அணைந்த விளக்கைத் திறந்தபோது உள்ளிருந்து உப்புத் தண்ணீர் கொட்டியது. தண்ணீர் புகாமல் தடுக்கும் கறுப்பு ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் குறுக்காக ஒரே ஒரு நரைமுடி கிடந்தது. தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, அவசரம் அவசரமாக அதை மூடியவள் நான்தான். அதனால் ஓ-ரிங்கைத் துடைக்கும் வேலையைக் காற்று வீசாத இடத்தில், தலையை முடிந்துகொண்டு செய். பஞ்சு பிரியாத துணியால் அதையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்து, விரல் நுனியால் சுற்றிலும் தடவிப் பார். மணலோ வெட்டோ இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். கிரீஸை மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் பூசினால் போதும், அப்பிவிட்டால் அதுவே மணலை இழுத்து வைத்துக்கொள்ளும். எந்தக் கிரீஸ் ஏற்றது என்று விளக்கோடு வந்த குறிப்பைப் பார்த்துக்கொள்.

பெரிய விளக்கைக் கரையில் முழு வெளிச்சத்தில் எரியவிட்டுச் சோதிக்காதே. கடல்நீரின் குளிர்ச்சியை நம்பிச் செய்யப்பட்ட விளக்கு அது. காற்றில் சீக்கிரமே கொதித்துவிடும். விமானத்தில் பேட்டரிகளைப் பிரித்து வைக்கச் சொல்வதற்கும் காரணம் அந்தச் சூடுதான், பெட்டிக்குள் தானாக எரியத் தொடங்கினால் துணிமணி தீப்பற்றும். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும்; ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டி, தனித்தனி டப்பாவில் போடு. உன்னுடைய 18650 வகை பேட்டரி ஒன்று ஏறக்குறைய 13 வாட்-மணி. 100 வரை தடையில்லை என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் அதிகச் சூடு தரும் முக்குளிப்பு விளக்குக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவைப்படலாம், இன்றே கேட்டுவிடு. விமானத்தில் ஏறும் வாசலில் கைப்பையை வாங்கிச் சரக்கறையில் போடப் போவதாகச் சொன்னால், பேட்டரிகளை எடுத்து உன் கையில் வைத்துக்கொள். சார்ஜருக்குத் தனி அடாப்டர் வேண்டாம் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரில் உள்ள மூன்று முள் பிளக்தான் அங்கும் பரவலாக இருக்கிறது.

வாவு அட்டோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தில், அலிமதா தீவின் படகுத்துறையருகே உங்களை இரவில் இறக்குவார்கள் என்றாயல்லவா? நர்ஸ் சுறாக்களும் திருக்கைகளும் பாரைகளும் காலைச் சுற்றிச் சுற்றி வரும் இடம் அது. பல படகுகளிலிருந்து ஆட்கள் ஒரே நேரத்தில் இறங்குவதால் கண்ட பக்கமெல்லாம் வெளிச்சமாக இருக்கும், உன் குழு எது என்றே புரியாது. சிலிண்டரின் கழுத்தில் கட்டும் சிறு நிறவிளக்கையும் கொண்டு போ. துணையோடு பேசி இருவரும் ஒரே நிறமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒளிக்குச்சியை ஒடித்தால் ஒரு இரவோடு குப்பையாகிவிடும் என்பதால் பேட்டரியில் எரிவதையே வாங்கு.

நீருக்குள் இந்த விளக்குதான் உனக்கு வாய். தரையில் மெதுவாக வட்டம் போட்டால் ‘நலம்’, பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினால் ‘இங்கே பார்’, வேகமாக ஆட்டினால் ‘ஆபத்து’. கைச்சைகை காட்டும்போது வெளிச்சத்தை உன் கைமேல் பாய்ச்சு, எதிரில் இருப்பவரின் முகத்தில் ஒருபோதும் பாய்ச்சாதே. கண் கூசினால் சில நிமிடங்களுக்கு அவருக்கு எதுவும் புலப்படாது. பாதுகாப்பான மணல்தரையில், துணையிடம் சொல்லிவிட்டு, விளக்கை ஒரு நிமிடம் மார்போடு சேர்த்து மூடிக்கொண்டு கையை வீசிப் பார். நுண்ணுயிர்கள் நீலப் பொறிகளாகச் சிதறும். உன் அப்பாவுக்கு அதைக் காட்ட வேண்டுமென்று எனக்கு எவ்வளவோ ஆசை இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின இரவு, பேட்டரிகளை எடுத்துவிட்டு, இரண்டு டார்ச்சுக்குள்ளும் ஒரு துண்டு டிஷ்யூ தாளைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமுக்கி வை. வெளியே நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, தாள் காய்ந்தபடி இருந்ததா என்று எனக்குச் செய்தி அனுப்பு. எந்நேரமானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா