சாப்பிட ஓட்டலுக்குப் போங்கள், பார்க்குக்குள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கும் டிஸ்னி வேர்ல்டில் எந்தெந்த உயர்தர உணவகங்களில் சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு, நட்சத்திரமெல்லாம் கொடுத்து, அழகான படங்களோடு. படங்கள் நன்றாக இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் மகளைப் பார்க்க டாம்பா போய்விட்டுப் பேரப்பிள்ளைகளோடு அங்கே ஐந்து நாள் சுற்றித் திரும்பியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பட்டியலை நம்பி ஒரு குடும்பம் போனால் பணமும் போகும், வயிறும் நிறையாது.

முதலில் ஒரு விஷயம். நம்மூரில் ஓட்டலுக்குப் போகிறேன் என்றால் சாப்பிடப் போகிறேன் என்று அர்த்தம். அங்கே ஓட்டல் என்றால் தங்குகிற இடம். மகள் இதைச் சொல்லி என்னைப் பலமுறை திருத்தியிருக்கிறாள். ஆனால் டிஸ்னி வேர்ல்டைப் பொறுத்தவரை நம்மூர் அர்த்தம்தான் சரி! அங்கே நல்ல சாப்பாடு பெரும்பாலும் ஓட்டல்களுக்குள்தான் இருக்கிறது. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நாலு பார்க் இருக்கின்றன, அவற்றுக்குள் உள்ள உணவகத்தில் சாப்பிட வேண்டுமென்றால் அன்றைக்கு அந்தப் பார்க்குக்கு டிக்கெட் வேண்டும், ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். ஓட்டல்களில் உள்ள உணவகத்துக்கு டிக்கெட்டே வேண்டாம். முன்பதிவு இருந்தால் வாசலில் சொல்லிக் காரை நிறுத்திவிட்டு நேராக உள்ளே போகலாம், அங்கே தங்கியிருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் பட்டியலில் இது ஒரு வரிகூட இல்லை. எப்காட்டில் ஜப்பான் பகுதியில் இருக்கும் டகுமி டெய், பிரான்ஸ் பகுதியில் இருக்கும் மொஸ்யூர் பால் இரண்டையும், ஓட்டல்களில் இருப்பவற்றையும் ஒரே வரிசையில் போட்டிருந்தீர்கள். பார்க்காமல் கிளம்பியவர் சாப்பாட்டு பில்லோடு டிக்கெட் காசையும் சேர்த்து அழ வேண்டியதுதான்.

அப்புறம், பகல் முழுக்க வரிசையில் நின்று, வெயிலில் வெந்து, கோடையில் மத்தியானமானால் இடியோடு கொட்டும் மழையில் நனைந்து, சட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும்போது மூன்று கோர்ஸ், அதாவது மூன்று சுற்றாக வரும் சாப்பாட்டில் யாருக்கு மனசு போகும்? பார்க் போகாத நாளாகப் பார்த்து, குளித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு போவதுதான் சரி. அங்கே உயர்ந்த ரக உணவகங்களை 'சிக்னேச்சர் டைனிங்' என்று சொல்கிறார்கள், அவற்றில் உடைக் கட்டுப்பாடும் உண்டு. நீச்சல் உடையோடோ கை இல்லாத பனியனோடோ போக முடியாது. புடவைக்குத் தடை இல்லை, நான் பட்டுப்புடவையிலேயே போனேன், மூன்று பேர் நிறுத்திப் போட்டோ கேட்டார்கள்.

சரி, உங்கள் முதலிடத்துக்கு வருகிறேன். கிராண்ட் ஃப்ளோரிடியன் ஓட்டலில் இருக்கும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ். அதை முதலில் வைத்தது தப்பென்று சொல்ல மாட்டேன். 2024இல் மிஷலின் நட்சத்திரம் (சிறந்த உணவகங்களுக்கு மிஷலின் கையேடு கொடுக்கும் பெரிய மரியாதை) வாங்கிய இடம், டிஸ்னி நடத்தும் உணவகங்களில் அதை வாங்கிய முதல் இடமும் அதுதான். ஆனால் பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லையே! தீம் பார்க்குக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் இல்லையா? எங்கள் பேரனுக்கு ஏழு, பேத்திக்கு நாலு. அதனால் மகளும் மாப்பிள்ளையும் மட்டும் தங்கள் கல்யாண நாளுக்குப் போனார்கள், நாங்கள் இரண்டு பேரும் அறையில் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒருவர் ஹார்ப் என்கிற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டே இருந்தாராம், தட்டுக்கு மேல் தட்டாக வந்ததாம், ஒவ்வொன்றும் இரண்டு வாய். ஒரு ஆளுக்கு 300 டாலரைத் தாண்டிவிட்டது, வரியும் டிப்ஸும் தனி. எப்படி இருந்தது என்று கேட்டேன், அம்மா, வாழ்க்கையில் ஒரு தடவை போகலாம், ரெண்டாவது தடவை வேண்டாம் என்றாள். அதைவிட நல்ல விமரிசனம் எனக்குத் தெரியவில்லை. கணவன் மனைவி மட்டும் போகிறார்கள், விசேஷ நாள், செலவழிக்க மனசிருக்கிறது என்றால் போகட்டும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது முதலிடமும் இல்லை, பத்தாமிடமும் இல்லை.

குடும்பத்துக்கு என்றால் நான் முதலில் சொல்வது கலிஃபோர்னியா கிரில்லைத்தான். கன்டெம்பரரி ஓட்டலின் பதினைந்தாவது மாடி. இந்த ஓட்டலே ஒரு வேடிக்கை, மோனோரயில் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து வெளியே போகிறது, பேரன் அதைப் பார்த்தே பாதி வயிறு நிறைத்துக்கொண்டான். இரண்டாவது மாடியில் பெயரைச் சொல்ல வேண்டும், அங்கிருந்து லிஃப்டில் மேலே அழைத்துப் போகிறார்கள். மேலே போனால் மேஜிக் கிங்டம் கோட்டை ஜன்னலில் தெரிகிறது. ராத்திரி வாணவேடிக்கை தொடங்கும்போது விளக்குகளை மங்கலாக்கிவிட்டு, கோட்டைக்கு முன்னால் ஒலிக்கிற அதே இசையை இங்கேயும் போடுகிறார்கள். தீபாவளி ராத்திரி மலைக்கோட்டைப் பக்கம் மொட்டை மாடியில் நிற்பதுபோல இருந்தது, புகைதான் இல்லை. மூன்று கோர்ஸ், மொத்தமாக ஒரே விலை, பெரியவர்களுக்கு 90 டாலர் வாக்கில்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லோரும் வாணவேடிக்கை நேரத்துக்கே மேஜை கேட்பார்கள், கிடைக்காது. நாங்கள் சாயங்காலம் ஐந்தரைக்கே சாப்பிட்டோம். அன்றைய பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ராத்திரி திரும்பிப் போய்க் காட்டினால் மேலே உள்ள பால்கனியில் நின்று வாணவேடிக்கை பார்க்க விடுகிறார்கள். ஐந்தரைக்கு மேஜை சுலபமாகக் கிடைக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேஜைக்காரர் சொல்லித்தான் எங்களுக்கே இது தெரிந்தது. பட்டியல் போடுகிறவர்கள் இதையல்லவா எழுத வேண்டும்?

இனி சைவம். நானும் என் வீட்டுக்காரரும் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. உங்கள் கட்டுரையில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம், உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் சைவம் என்று உங்களுக்குத் தெரியாதா? எப்காட்டில் கனடா பகுதியில் ல செல்யே என்று ஒரு ஸ்டேக் (மாட்டிறைச்சித் துண்டு) உணவகம், அங்கே செடார் சீஸ் சூப் பிரசித்தம். சீஸ் சூப்தானே, பால்தானே என்று நம்மவர்கள் வாங்கிவிடுவார்கள். அதில் பன்றி இறைச்சியும் பியரும் உண்டு. இது ரகசியம் இல்லை, அந்தச் செய்முறையே பல இடங்களில் வெளிவந்திருக்கிறது. நாங்கள் வேறொரு இடத்தில் (பெயர் வேண்டாம்) சாதம் மாதிரி ஒன்றைக் கேட்டு, வெஜிடேரியனா என்றால் ஆமாம் என்று அவர்கள் சொல்லி, என் வீட்டுக்காரர் இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகு எனக்கு என்னவோ சந்தேகம் வந்து எந்தத் தண்ணீரில் வேகவைத்தீர்கள் என்று கேட்டால், கோழி வேகவைத்த சாறு என்கிறார் பரிமாறியவர். கறித்துண்டு இல்லாவிட்டால் வெஜிடேரியன் என்று அவர் நினைத்திருக்கிறார். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அன்று முழுக்க வாழைப்பழம்தான். அதனால் உட்கார்ந்ததுமே, சாறு, குழம்பு, எண்ணெய் எதிலும் இறைச்சி மீன் கூடாது என்று உடைத்துச் சொல்லிவிடுங்கள். கேட்டால் சமையல்காரரே மேஜைக்கு வந்து எது சாப்பிடலாம் என்று சொல்கிற வழக்கம் அங்கே உண்டு, கூச்சப்படாதீர்கள். பால், முட்டை, தேன்கூட இல்லாதவற்றுக்கு மெனுவில் இலைக் குறி போட்டிருப்பார்கள்.

நம்மவர்களுக்கு என்று நான் ஒரு இடம் சொல்ல வேண்டுமென்றால் அனிமல் கிங்டம் லாட்ஜ்தான். பார்க் அல்ல, அதன் பெயரில் உள்ள ஓட்டல். அதில் ஜிக்கோ என்று ஒன்று, சனா என்று ஒன்று. இரண்டும் சுவாஹிலிச் சொற்கள். ஜிக்கோ என்றால் அடுப்படி, சனா என்றால் கலை. உங்கள் பட்டியலில் ஜிக்கோ ஆறாவதாக இருந்தது, சனா இல்லவே இல்லை, ஏனென்றால் அது சிக்னேச்சர் வரிசையில் சேராது, விலை குறைவு. ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் நடமாடுவது சனாவில்தான். ஜிக்கோவில் அந்தக் காட்சி கிடையாது, அங்கே உங்கள் கவனம் முழுக்கத் தட்டில்தான் இருக்க வேண்டும், அல்லது தென்னாப்பிரிக்க ஒயின் பட்டியலில். எங்களுக்கு அது பயன்படவில்லை.

சனாவில் ஆப்பிரிக்கச் சமையலோடு இந்தியச் சமையலைக் கலந்து செய்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போய் 'நான்' ரொட்டி சாப்பிடுவதா என்று மாப்பிள்ளை முதலில் சிரித்தார். 'பிரெட் சர்வீஸ்' என்று ஒன்று வாங்கினோம். 'நான்' ரொட்டி, வெங்காயக் குல்சா, பன்னீர் பராத்தா என்று ரொட்டி வகைகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், தொட்டுக்கொள்ள ஒன்பது கிண்ணம். மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, வெள்ளரித் தயிர்ப் பச்சடி, பூண்டு ஊறுகாய், மிளகாய் சம்பல் என்று வரிசையாக. நாலு நாள் பர்கரும் பீட்ஸாவும் தின்று நாக்கு செத்துப்போயிருந்த எனக்கு அந்தப் பூண்டு ஊறுகாயைத் தொட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரத்தாலா என்று கேட்காதீர்கள். மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு செட் சொன்னார்.

இதை வெறும் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். 1860இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய நம் மக்கள் கொண்டுபோன குழம்புதான் இன்றைக்கும் டர்பன் நகரத்தின் சாப்பாடு. ஆப்பிரிக்காவுக்கும் மசாலாவுக்கும் உள்ள உறவு டிஸ்னிக்காரர்கள் கற்பனையில் செய்ததல்ல. இருட்டும் முன் போய்விடுங்கள், இருட்டிவிட்டால் ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள் கோட்டைக்குள் இருக்கிறது, முன்பதிவின்போதே முழுப் பணத்தையும் கட்ட வேண்டும், காசு இளவரசிகளோடு போட்டோ எடுக்கத்தான், சாப்பாட்டுக்கு அல்ல. பேத்திக்காகப் போங்கள், ருசிக்காகப் போகாதீர்கள். ரிவியரா ஓட்டலின் மேல்தளத்தில் டோப்போலினோஸ் டெரஸ் இருக்கிறது, ராத்திரி பெரிய சாப்பாடு, காலையில் மிக்கி வேஷக்காரர்களோடு பலகாரம். குழந்தை இருந்தால் காலைதான் சரி. ஃபோர் சீசன்ஸ் ஓட்டலின் காப்பா ஸ்டேக் உணவகத்துக்கும் மிஷலின் நட்சத்திரம் உண்டு, ஆனால் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு அங்கே என்ன வேலை.

டிப்ஸ் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். ஆறு பேரோ அதற்கு மேலோ உட்கார்ந்தால் 18 சதவீதம் டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்துவிடுகிறார்கள். நாங்கள் சரியாக ஆறு பேர், நாலு வயசும் ஏழு வயசும் கணக்கில் உண்டு. அதைப் பார்க்காமல், மாப்பிள்ளை கொடுக்கும் முன் நாமே பில்லைக் கட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதே பில்லில் இன்னும் 18 சதவீதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பரிமாறிய பெண் நல்லவள், திரும்பி வந்து இது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதே என்று காட்டினாள். பில்லை நிதானமாகப் படியுங்கள்.

இன்னொன்று தூரம். அந்த இடம் மொத்தம் 40 சதுர மைல், ஒரு ஊர் அது. ஒரு ஓட்டலிலிருந்து இன்னொரு ஓட்டலுக்கு நேராக பஸ் கிடையாது, ஏதாவது ஒரு பார்க் வாசலிலோ டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்கிற கடைவீதியிலோ இறங்கி மாற வேண்டும். வரைபடத்தில் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அரை மணி ஒதுக்கினோம், ஒன்றேகால் மணி ஆனது, எங்கள் கணக்குதான் தப்பு. கார் இருந்தால் காரிலேயே போங்கள்.

அடுத்த முறை இந்தப் பட்டியலைப் போடும்போது ஒவ்வொரு உணவகத்துக்கும் எதிரே பார்க் டிக்கெட் வேண்டுமா, சின்னப் பிள்ளையை விடுவார்களா, சைவம் உண்டா என்று மூன்று கட்டம் போட்டால் போதும், நட்சத்திரம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே முன்பதிவு நேரத்தை இந்திய நேரத்திலும் போடுங்கள். 60 நாளுக்கு முன்னால் அங்கே காலை ஆறு மணிக்குத் திறக்கிறது, கோடையில் நமக்கு அது மத்தியானம் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் அந்த ஒரே நாளில் பத்து நாள் வரைக்குமான தங்கலுக்கும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். இங்கே திருச்சியில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரம் அது, நான் அலாரம் வைத்துத்தான் எழுந்தேன்.

இப்படிக்கு,
தில்லைநகர் வாசகி,
திருச்சி.