சாவி தொலைந்த ஸ்விஃப்ட்: குமுளிக்கு ஒரு கடிதம்

கம்பம்,
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. தோட்டத்தில் மழை ஓயவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே திராட்சைப் பந்தலில் மருந்தடிப்பு நடக்கிறது. வீட்டில் எல்லாரும் சுகம். இனி, இருந்த சாவியும் தொலைந்து குமுளியில் நிற்கும் உன் 2006 ஸ்விஃப்ட்டுக்கு வருகிறேன். அதற்கு நீ மூன்று யோசனை எழுதியிருக்கிறாயே, முதல் இரண்டும் வண்டியைக் கெடுத்துவிடும், மூன்றாவது பாதி வேலைதான்.

முதலாவது, கயிறு கட்டிக் கம்பத்துக்கு இறக்குவது. செய்யாதே. சாவி எடுத்த வண்டியில் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கும். முதல் கொண்டை ஊசி வளைவே திரும்பாது. எஞ்சின் ஓடாததால் பிரேக்கும் மிதிக்க மிதிக்கக் கல்லாகிவிடும். இறக்கியே ஆகவேண்டுமென்றால் நாலு சக்கரமும் மேலே ஏறும் லாரிதான். அந்த வாடகைக்குத் தேனியிலிருந்து சிப் சாவி போடுகிறவரைக் கருவியோடு மேலே வரவழைப்பது மேல்.

இரண்டாவது, இக்னிஷன் பூட்டை உடைத்து வயரைச் சேர்ப்பது. கார்புரேட்டர் மாருதி 800 என்றால் ஓடியிருக்கும். உன் வண்டியில் ஐகேட்ஸ் இருக்கிறது, அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத மாருதியின் இம்மொபிலைசர். சாவியின் கறுப்புத் தலைக்குள் அரிசி அளவு ஒரு சிப். அதற்குப் பேட்டரி கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுற்றி வளையமாக ஒரு காயில். சாவியைத் திருப்பினதும் அந்தக் காயில் சிப்புக்கு மின்சாரம் ஊட்டும், சிப் தன் எண்ணைச் சொல்லும், அது சரியென்றால்தான் எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டியான ஈ.சி.எம். பெட்ரோலும் தீப்பொறியும் விடும். எண் வரவில்லையென்றால் செல்ஃப் அடிக்கும், வண்டி எடுக்காது. மீட்டரில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் பத்துத் தரம் செல்ஃப் அடித்தாலும் பேட்டரி இறங்குவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. பூட்டை உடைத்தால் காயிலும் சேர்ந்து போகும், செலவு இரட்டிக்கும்.

மூன்றாவது, பஸ் ஸ்டாண்டில் டூப்ளிகேட். இரும்பை மட்டும் வெட்டித் தருவார்கள். கதவு திறக்கும், ஸ்டீயரிங் விடும், வண்டி எடுக்காது. ஆனால் இதை வீண் என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் கதவைத் திறக்காமல் பானெட்டைக்கூடத் திறக்க முடியாது, அந்த லிவர் உள்ளே இருக்கிறது. வண்டி புதிதாக வந்தபோது சாவியோடு ஒரு சின்ன உலோகத் தகடு, எண் பொறித்து, தந்திருப்பார்கள். பழைய சொந்தக்காரர் வீட்டில் கிடக்கிறதா என்று கேள். அந்த எண்ணை வைத்து வெட்டின சாவி புதுசு மாதிரி விழும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து வரும்.

இன்னொன்று. உன் ரிமோட் கம்பெனியோடு வந்ததா, பிறகு போட்டதா? டாஷ்போர்டுக்கு அடியில் தனிப் பெட்டி, கறுப்பு டேப் சுற்றின வயர்கள், பானெட்டுக்குள் தனிச் சைரன் என்று இருந்தால் அது வெளி அலாரம். அதற்கும் ஐகேட்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது. அது ரிலே என்ற சின்ன மின் சுவிட்ச் ஒன்றை வைத்து செல்ஃப் வயரையோ பெட்ரோல் பம்பு வயரையோ வெட்டிவைக்கும். சிப் சாவி சரியாகப் போட்ட பிறகும் வண்டி எடுக்காமல், சாவிக்காரரும் நீயும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதனால்தான். சாவியை ஆன் செய்து பின் சீட்டில் காதை வை. இரண்டு மூன்று வினாடி பம்பு முனகவேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸைப் பார், அடுத்து அந்தப் பெட்டியைப் பார். ரிமோட் போய்விட்டதால் பெட்டியை முழுதாகக் கழற்றிவிடுவதே நல்லது. ஆனால் வெட்டின வயர்களை முறுக்கி டேப் ஒட்டாதே. உங்கள் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பிடித்து, மலைப்பாதையில் பாதி வழியில் நிற்கும். சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போடச் சொல்.

இனி சிப். ஒரு சாவியாவது கையில் இருந்திருந்தால் சிறிய வேலை. சிப்பைப் படித்து நகல் எடுத்திருக்கலாம். உனக்கு ஒன்றுமே இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டிப் புதுச் சாவியைப் பதியவேண்டும். அது ஒத்துக்கொள்ளாவிட்டால் ஈ.சி.எம். பெட்டியைக் கழற்றி, உள்ளே எட்டுக் கால் நினைவக ஐ.சி.யைப் படித்து எழுதவேண்டும். இரண்டாவது வழிக்குப் போனால், எழுதுவதற்கு முன்னால் பழைய பதிவின் நகலைப் பத்திரப்படுத்தச் சொல். பேட்டரி 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும், வேலை முடியும்வரை சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். நடுவில் வோல்ட் இறங்கினால் ஈ.சி.எம்.மே போய்விடும்.

ஒரே தடவையில் இரண்டு சாவி பதிந்துகொள், பழைய சாவியின் பதிவை அழிக்கச் சொல். அழித்தால் தொலைந்த சாவியால் வண்டியை எடுக்க முடியாது. கதவை மட்டும் திறக்கும். சாவிக்கொத்தில் உன் விலாசம் இருந்ததென்றால் கதவுப் பூட்டையும் மாற்று. பதிந்த இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டாதே, ஒன்றின் சிப் மற்றதைக் குழப்பும். ‘இம்மொபிலைசரையே எடுத்துவிடுகிறேன், செலவு குறைவு’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அது பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்திவைக்கிற வேலை.

சாவியைவிட எனக்குக் கவலை உன் ஆர்.சி.யைப் பற்றித்தான். டி.என். 60 என்ற தேனிப் பதிவு வண்டி, பெயரும் பழையவர் பெயரிலேயே இருந்தால், நேர்மையான சாவிக்காரர் வேலையே தொடமாட்டார், ஷோரூமிலும் சாவி எண்ணைத் தரமாட்டார்கள். ஆர்.சி., அடையாள அட்டை இரண்டும் ஒரே பெயரில் வேண்டும். பெயரை மாற்றும்போதே உங்கள் பக்கத்துக் கேரளப் பதிவான கே.எல். 37 பதிவும் செய்துவிடு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் நிற்கும் வண்டிக்கு அது சட்டப்படியே வேண்டும். குமுளி ஸ்டேஷனில் சாவி தொலைந்ததாக எழுதிக்கொடுத்து ரசீது வாங்கு, இன்சூரன்ஸுக்கும் ஒரு நகல் அனுப்பு. நாளைக்கு வண்டி திருடு போனால் இரண்டு சாவியும் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

உன் மச்சானின் பழைய ஃபியட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதோடு வந்த கோட் அட்டையில் ஐந்து இலக்க எண் இருக்கும். சிப் மட்டும் செத்து, சாவி இரும்பு கையில் இருந்தால், ஆக்ஸிலேட்டர் பெடலை மிதித்து, விளக்கு மினுக்குவதை எண்ணி, அந்த ஐந்து எண்ணையும் ஒவ்வொன்றாக ஊட்டி ஸ்டார்ட் செய்யலாம். அட்டையை வண்டிக்குள் வைக்கவேண்டாம் என்று சொல்.

தகடு எண் கிடைத்ததா என்று உடனே எழுது. அதைப் பொறுத்துத்தான் சாவிக்காரரிடம் என்ன பிளாங்க், அதாவது வெட்டாத சாவி, கொண்டுவரச் சொல்வது என்று நான் பேசவேண்டும்.

அன்புடன்,
முருகேசன்