சாணக்கியபுரி விருந்துக்குக் கிளம்பும் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

வணக்கம். பாம்பன் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களின் கூட்டமைப்புத் தலைவி என்ற முறையில், டெல்லியில் தூதரகங்கள் இருக்கும் சாணக்கியபுரியில் ஒரு தூதர் இல்லத்து இரவு விருந்துக்கு உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. எந்தக் கையில் முள்கரண்டி, எந்தக் கையில் கத்தி என்றுதான் எல்லோரும் சொல்லித்தருவார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் அந்த மேஜையில் உங்களுக்குப் பேசக் கிடைப்பது வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், அவ்வளவுதான். ஏறக்குறைய இரண்டு மணி நேரமும் அவர்களோடுதான் கழியும். நீங்கள் தயாராக வேண்டியது அந்த இருவருக்காக.

முதலில் அழைப்பிதழ். கீழே ஆர்.எஸ்.வி.பி., அதாவது வருவீர்களா என்று பதில் சொல்லவும், என்று போட்டு ஒரு ஃபோன் எண் இருக்கும். அதில் பேசுபவர் பெரும்பாலும் தூதரின் சோஷியல் செக்ரட்டரி, விருந்து ஏற்பாடுகளைக் கவனிக்கும் செயலர். வருகிறீர்களா இல்லையா என்பதை ஓரிரு நாளிலேயே சொல்லிவிடுங்கள். யார் பக்கத்தில் யார் என்ற வரைபடத்தை அவர்தான் போடுகிறார். ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போனால் மேஜை முழுவதையும் மாற்றி அடுக்க வேண்டிவரும். அதே ஃபோனில் மூன்று விஷயம் கேளுங்கள். சாப்பாட்டில் எனக்கு ஆகாதது இன்னது, சொல்லி வைக்கலாமா? யாராவது என்னைப் பேசச் சொல்வார்களா, எத்தனை நிமிடம்? மொழிபெயர்க்க ஒருவரை அழைத்து வரலாமா?

மூன்றாவது கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பேசினால் உங்கள் விஷயத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும். முறையான விருந்துகளில் மொழிபெயர்ப்பாளர் நாற்காலிக்குச் சற்றுப் பின்னால் உட்காருவார், சாப்பிடமாட்டார். அதனால் கூட வரும் பிள்ளையை முன்னதாகவே சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பாருங்கள், மொழிபெயர்ப்பவரின் முகத்தை அல்ல. இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். ஐந்து வாக்கியம் தொடர்ந்தால் நடுவில் இருக்கும் எண் ஒன்று கட்டாயம் விழுந்துவிடும். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்ற கடற்பாசிப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று இருவரும் முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

உடை பற்றிக் கவலை வேண்டாம். 'லவுஞ்ச் சூட்' என்று அச்சிட்டிருந்தால் அது ஆண்களுக்கு, கோட்டு சூட்டு என்று அர்த்தம். உங்களுக்குப் புடவை எந்த விருந்துக்கும் பொருந்தும். பட்டை விடக் கைத்தறிப் பருத்தி நல்லது, மடியில் விரிக்கும் நாப்கின் பட்டில் நிற்காமல் வழுக்கும். குளிர்காலம் என்றால் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். உட்காருவதற்கு முன் அரை மணி நேரம் புல்தரையில் நிற்க வைப்பார்கள். '7.30, 8.00' என்று இரண்டு நேரம் போட்டிருந்தால் முதலாவது வரவேற்புக்கு, இரண்டாவது மேஜையில் உட்கார. 7.35க்கு வாசலில் இருந்தால் சரி. வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கும், அடையாள அட்டையும் அழைப்பிதழும் கையில் இருக்கட்டும். செல்ஃபோனை அங்கேயே வாங்கி வைத்துவிடலாம். ஆகவே குறிப்புகளை ஃபோனில் வைக்காதீர்கள், ஒரு சின்ன அட்டையில் எழுதி வையுங்கள்.

உட்காரும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தட்டுக்கு மேலே உங்கள் பெயர் எழுதிய அட்டை இருக்கும், அதை நகர்த்தக் கூடாது. முதன்மை விருந்தினர் விருந்தளிப்பவரின் வலப்பக்கம். தூதர்களுக்குள் யார் முன், யார் பின் என்பதை நாட்டின் அளவு தீர்மானிப்பதில்லை. 1961 வியன்னா உடன்படிக்கையின் 16ஆம் பிரிவுப்படி, யார் முதலில் பொறுப்பேற்றாரோ அவர் முன்னால். அதனால் ஒரு குட்டித் தீவு நாட்டின் தூதர் தலைமாட்டில் இருப்பார், வல்லரசின் புதுத் தூதர் தள்ளி உட்கார்ந்திருப்பார். உங்களைக் கடைசிப் பக்கம் போட்டிருந்தால் வருத்தப்படாதீர்கள். தூதரகத்தின் முதல் செயலர், இரண்டாம் செயலர் போன்ற இளைய அதிகாரிகள் உட்காருவது அங்கேதான். மறுநாள் தங்கள் நாட்டுத் தலைநகருக்குக் குறிப்பு எழுதுவது பெரும்பாலும் அவர்கள் வேலை.

தட்டில் கை வைக்கும் முறை எளிது. பரிமாறும் ஒவ்வொரு வகை உணவுக்கும் வெளியே இருக்கும் கரண்டியை முதலில் எடுத்து உள்நோக்கி வாருங்கள். இடப்பக்கச் சின்னத் தட்டு உங்கள் ரொட்டிக்கு, வலப்பக்கக் கண்ணாடிக் குவளைகள் உங்களுடையவை. ரொட்டியைக் கையால் பிய்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்தால் கத்தியும் முள்கரண்டியும் பக்கத்தில் பக்கமாக. இடையில் நிறுத்தினால் பிரித்து வையுங்கள். சேர்த்து வைத்துவிட்டால் பாதிச் சாப்பாட்டோடு தட்டு போய்விடும். தவறான கரண்டியை எடுத்துவிட்டால் அதிலேயே சாப்பிடுங்கள், யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

இனி பேச்சு. முதல் வகை பரிமாறும்போது ஒரு பக்கத்தவரோடு பேசினால் அடுத்த வகைக்கு மறுபக்கம் திரும்புவது பழைய வழக்கம். ஒரு தடவையில் ஒருவரோடு கிடைப்பது இருபது, இருபத்தைந்து நிமிடம். அதில் பாதி அவர் பேசுவார், மொழிபெயர்ப்பும் அதற்குள்தான். ஆகவே எல்லாவற்றையும் சொல்ல நினைக்காமல் ஒன்றைச் சொல்லுங்கள். என் யோசனை: மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். மருத்துவமனைச் சோதனைக்கூடங்களில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது அகார் பூசிய தட்டில்தான். அவர் நாட்டு மருத்துவமனையிலும் அப்படித்தான். அங்கிருந்து தொடங்கினால் அவரே கேள்வி கேட்பார். அப்போது சொல்லுங்கள், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, அலுமினியத் தட்டைக் காலில் கட்டிக்கொண்டு பெண்கள் முங்குவதையும், மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டையும், 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவானதிலிருந்து எங்கே முங்கலாம் என்பதில் இருக்கும் சிக்கலையும். உறுப்பினர் எத்தனை பேர், ஒரு கிலோ என்ன விலை என்பவை அட்டையில் இருக்கட்டும். தெரியாததைக் கேட்டால் 'பார்த்து எழுதுகிறேன்' என்று சொல்லுங்கள். அந்த மேஜையில் உத்தேசமாகச் சொன்ன எண்ணும் அறிக்கைக்குள் போய்விடும், பிறகு திருத்த முடியாது.

பக்கத்தில் இலங்கைத் தூதரகத்தவர் உட்கார வாய்ப்பு உண்டு. நீங்கள் ராமேஸ்வரம் பக்கம் என்றதும் பேச்சு மீனவர் கைதுக்கும் கச்சத்தீவுக்கும் போகும். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களை மேஜையில் வாதாட வேண்டாம். கடலடியை வாரி இழுக்கும் அடிமடி இழுவலையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்ததும், அந்த இழுவலையால் தங்கள் வலை அறுபடும் இலங்கையின் வடக்கு மீனவர்களும் தமிழர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்று காட்டிவிட்டாலே பேச்சின் சூடு தணியும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரையும் கூடுவதைப் பற்றிப் பேசலாம். சிறையில் இருப்பவர்களின் பெயர், படகு எண், குடும்பத்தின் நிலை எதையும் சொல்லாதீர்கள். உதவ நினைத்துச் சொன்ன பெயர் எந்தக் காகிதத்தில் போய் உட்காரும் என்று நமக்குக் கட்டுப்பாடு கிடையாது. அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் அதைச் சொல்ல நமக்கு உரிமையும் கிடையாது.

அதேபோல், நம் அரசைக் கண்டித்துப் பேசும்படி தூதரிடம் கேட்காதீர்கள். உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமல் இருப்பது அவருடைய கடமை என்று அதே வியன்னா உடன்படிக்கையின் 41ஆம் பிரிவு சொல்கிறது. கேட்டால் புன்னகைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார், மிச்ச நேரமும் போய்விடும். 'பாம்பனுக்கு ஒருமுறை வந்து பாருங்கள்' என்று கேட்கலாம். 'உங்கள் நாட்டில் அகார் வாங்குபவர்களை அறிமுகப்படுத்த முடியுமா' என்றும் கேட்கலாம்.

பணம் கேட்க வேண்டாம். அவரே தருகிறேன் என்றாலும் அங்கே தலையாட்டிவிடாதீர்கள். வெளிநாட்டு அரசு தரும் தொகை, தூதரகத்தின் சிறு மானியம் உட்பட, எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு தொகை டெல்லி சன்சத் மார்க் ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள கணக்குக்கு மட்டும்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பதிவுள்ள வேறு அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித்தரவும் முடியாது. 'எங்கள் பதிவு நிலையைச் சொல்லி எழுதுகிறோம்' என்பதே சரியான பதில்.

டோஸ்ட், அதாவது குவளையை உயர்த்தி வாழ்த்துச் சொல்லும்போது எல்லோரோடும் எழுந்து நில்லுங்கள். குவளையில் தண்ணீரோ பழச்சாறோ இருந்தால் போதும், மது தேவையில்லை. உங்களைப் பெயர் சொல்லி வாழ்த்தினால் மட்டும் நீங்கள் எழவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம்; தலையசைத்தால் போதும்.

முதன்மை விருந்தினர் கிளம்பிய பிறகு கிளம்புங்கள். மறுநாளே தூதருக்கும் அவர் துணைவருக்கும் நாலு வரி நன்றி எழுதுங்கள், அதில் கோரிக்கை எதையும் சேர்க்காதீர்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தனித்தனி மின்னஞ்சல்: பேசியதில் ஒரு விஷயம், பார்த்து எழுதுவதாகச் சொன்ன எண், பாசிப் பெண்களின் படம் ஒன்று. படத்தில் இருப்பவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டுப் படத்தைச் சேருங்கள். பக்கத்தில் இருந்தவர் இளைய செயலர் என்றால், அவருக்கு எழுதும்போது, பாம்பனுக்கு வர ஏற்ற இரண்டு மூன்று தேதிகளை நீங்களே குறிப்பிடுங்கள், பெண்கள் பாசிக்கு முங்கும் நாட்களாகப் பார்த்து.

அன்புடன்,
உங்கள் தம்பி