300 சொல் கட்டுரையும் செங்கல்பட்டுச் சிறுவனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறார் குற்றங்கள் பற்றிய உங்கள் தலையங்கத்தையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். 'சிறார் என்பதற்கான 18 வயது வரம்பை 16 ஆக்கு, எல்லாம் சரியாகிவிடும்' என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் மருந்து. சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில், தென் மாவட்டம் ஒன்றில், சில காலம் சமூகப் பணியாளர் உறுப்பினராக இருந்தவள் நான். அந்த அறையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவர்கள் கேட்கும் மருந்து ஏற்கெனவே பாட்டிலில் இருக்கிறது. 16 முதல் 18 வயதுக்குள் உள்ளவர் கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சமே 7 ஆண்டுத் தண்டனைக்குரிய குற்றம் செய்ததாக வழக்கு வந்தால், பெரியவரைப்போல விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். 2016 ஜனவரி 15 முதல் இதுதான் சட்டம். மரண தண்டனையும், வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனையும் மட்டும் கூடாது.

அந்தச் சட்டம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 2012 டிசம்பர் டெல்லி நிர்பயா கொடுமையில் பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனுக்கு 18 நிறையச் சில மாதங்கள் இருந்தன. அவனுக்கு அன்றைய சட்டப்படி அதிகபட்சமான 3 ஆண்டுகள் கிடைத்தன. வயதைக் குறைக்க வேண்டாம் என்று, அந்தக் கொடுமைக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு சொன்னது. உச்ச நீதிமன்றமும் 2013இல் ஒரு முறை, 2014இல் ஒரு முறை தலையிட மறுத்தது. ஆனால் 2015 டிசம்பர் 20 அன்று அவன் வெளியே வந்ததும் தெருவெல்லாம் கொதித்தது. மக்களவையில் மே மாதமே நிறைவேறிக் கிடந்த மசோதாவை மாநிலங்களவை இரண்டே நாளில் நிறைவேற்றியது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் இருந்தது. ஆனால் கோபத்தில் வாங்கிய அந்தப் பிரிவு கையில் இருக்கும்போதே, அது இல்லாததுபோல இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

'இந்த இளக்காரமெல்லாம் வெளிநாட்டுக்காரன் சொல்லிக்கொடுத்தது' என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது உண்மை. ஆண், பெண் இருவருக்கும் 18 என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் வைத்ததில் அதற்குப் பங்குண்டு. அதற்கு முன் 1986 சட்டத்தில் பையன்களுக்கு 16தான். ஆனால் சிறுவர்களைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் நூறு வயது தாண்டியது. இந்தியாவிலேயே முதல் சிறார் சட்டம் 1920இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்னால் வந்தன. வெள்ளைக்காரன் கருணையால் செய்தான் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய கைதிகளோடு அடைத்துவைத்த பையன் தொழில் கற்றுக்கொண்டுதான் வெளியே வருவான் என்பது 1919இல் அமைந்த சிறைக் குழுவுக்கே தெரிந்திருந்தது. செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளியோ அந்தச் சட்டத்துக்கும் முந்தையது.

அப்படியானால் எங்கே கோளாறு? பிணையில் விடுவதற்கும் இல்லத்தில் அடைப்பதற்கும் நடுவில்தான். எச்சரித்து அனுப்பலாம், ஆற்றுப்படுத்தலுக்கு (கவுன்சலிங்) அனுப்பலாம், சமூகச் சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோருக்கு அபராதம் போடலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டிலேயே விடலாம், எதுவுமே சரிப்படாவிட்டால் சிறப்பு இல்லத்துக்கு 3 ஆண்டு வரை அனுப்பலாம். சட்டம் இத்தனை வழி வைத்திருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய, நன்னடத்தை அலுவலர் பையனின் வீடு, பள்ளி, தெரு எல்லாம் போய் விசாரித்து 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். குழுமத்தின் கண்ணும் காதும் அவர்தான்.

நான் பார்த்த அறிக்கைகளைச் சொல்கிறேன். 'தந்தை மதுப்பழக்கம் உள்ளவர். தாய் கூலி வேலை. சிறுவன் தீய சகவாசத்தால் வழி தவறியுள்ளான்.' இந்த மூன்று வரிதான், பெயரும் ஊரும் மட்டும் மாறும். அந்த அலுவலரைத் திட்டவும் மனம் வரவில்லை. ஒரே ஆள், தலைக்கு மேல் வழக்குகள், பேருந்தில் போய்வர வேண்டும். பல வீடுகளுக்கு அவரால் போன் மட்டும்தான் போட முடிந்தது.

ஒருநாள் பைக் திருட்டு வழக்கில் ஒரு பையன் வந்தான். மஃப்டியில் இருந்த போலீஸ்காரர் கூட்டிவந்து உட்காரவைத்தார். சாவியோடு நின்ற பைக்கை எடுத்து, பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, தீர்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறான். அறிக்கையில் வழக்கமான மூன்று வரி. அவன் அம்மா வயதுச் சான்றுக்காகப் பள்ளி டி.சி.யைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது என்றார். டி.சி. எதற்கு வாங்கினீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. பையன் பரோட்டாக் கடையில் இரவு வேலை பார்த்திருக்கிறான். காலையில் வகுப்பில் தூங்கி வழிந்து, அடி வாங்கி, அப்புறம் பள்ளிக்குப் போவதையே விட்டுவிட்டான். மூன்று வரி அறிக்கையில் இந்தப் பரோட்டாக் கடை இல்லை. அது தெரியாமல் நாங்கள் என்ன உத்தரவு போட்டிருந்தாலும் அது குருட்டு உத்தரவுதான்.

இப்போது புனே வழக்குக்கு வருகிறேன். 2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை. 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். அன்றைக்கே குழுமத்தின் உறுப்பினர் ஒருவர் மட்டும் இருந்து பிணை கொடுத்தார், 300 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாடே பொங்கியது. சில நாளில் பையன், விசாரணைக் காலத்தில் சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான். ஜூன் 25 அன்று அப்படி அடைத்துவைத்தது தவறென்று பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரியவர்போல விசாரிக்கக் கேட்ட மனுவையும் 2025 ஜூலையில் குழுமம் ஏற்கவில்லை. விடுமுறை நாளில் ஒரே உறுப்பினர் முன் நிறுத்தச் சட்டமே இடம் தருகிறது, அதில் தப்பில்லை. ஆனால் பையனைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் சில மணி நேரத்தில் வீட்டுக்கு, ஊர் கத்தியதும் உள்ளே, நீதிமன்றம் சொன்னதும் வெளியே. நடுவில் ஒரு படிகூட இல்லை.

அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னால் நம் செங்கல்பட்டில் நடந்தது அவ்வளவு சத்தம் எழுப்பவில்லை. ரயில்வே பேட்டரி திருடியதாகச் சந்தேகப்பட்டுப் பிடித்த 17 வயதுப் பையன், 2022 டிசம்பர் கடைசியில் அங்குள்ள கூர்நோக்கு இல்லத்துக்கு வந்தான். சில நாள்கூட ஆகவில்லை, டிசம்பர் 31 அன்று இறந்துபோனான். அடித்ததாக இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள், கண்காணிப்பாளர் உட்பட. நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்து, 2023இல் அறிக்கையும் வாங்கியது.

இருவருக்கும் ஒரே சட்டம், ஒரே 12ஆம் பிரிவு. பிணையில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்று பார்க்காமல் பிணை கொடு என்கிறது அது. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதியின் நோக்கமே கெடும் என்றால் மட்டும் மறுக்கலாம். கார் ஓட்டியவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பிணை கிடைத்தது. பேட்டரிக்காகப் பிடிபட்டவனுக்காகப் பேச அன்று யார் இருந்தார்கள்? வயதை 16 ஆக்கினால் இதில் எது மாறும் என்று கடிதம் எழுதிய அன்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

2022இல் சிறார் மீது பதிவான வழக்குகள் நாடு முழுவதும் 30,555 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மொத்தக் குற்றங்களில் இது நூற்றுக்கு ஒன்றுகூட வராது. இவ்வளவு பேருக்கு ஆள் போட்டு, வீடு வரை போய் விசாரிக்க முடியாத நாடு இல்லை நம்முடையது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் செய்தியாளர்களை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்டவாரியாக மூன்று கேள்விகள் கேளுங்கள். நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை? 15 நாளுக்குள் வந்த சமூக விசாரணை அறிக்கைகள் எத்தனை? நான்கு மாதத்தில் முடிக்க வேண்டிய விசாரணைகளில் அதைத் தாண்டிக் கிடப்பவை எத்தனை? வரும் பதிலை அப்படியே அட்டவணையாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(இளைஞர் நீதிக் குழும முன்னாள் உறுப்பினர்)