லாக்கப்பின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்? தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் பல ஆண்டுகளாக மாவட்டத் தலைநகரொன்றில் இலவச சட்ட உதவி வழக்கறிஞராகப் பணியாற்றி வருகிறேன். ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்கும் உத்தரவுக்காக, இரவு பத்து மணிக்கு மேல் நீதித்துறை நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) வீட்டு வாசலுக்குக் கொண்டுவரப்படுகிறவர்களோடு பலமுறை நின்றிருக்கிறேன். "போலீசார் அடித்தார்களா?" என்று நடுவர் கேட்கும்போது, அடித்தவர் ஓர் அடி தூரத்தில் நிற்பார். கையில் மாவுக்கட்டுடன் வந்த ஓர் இளைஞன் என்னிடம் தனியாகச் சொன்னதையும், ஐந்து நிமிடம் கழித்து நடுவரிடம் "கழிப்பறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொன்னதையும் கேட்டிருக்கிறேன். அவன் ஏன் மாற்றிச் சொன்னான் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. அங்கிருந்து சிறை வரைக்கும் அவனை அழைத்துச் செல்லப் போகிறவர்களும் அதே நிலையத்துக் காவலர்கள்தாம்.

உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். ஒருவரை விசாரிக்கும் அலுவலரின் பொறுப்பிலேயே அவரை அடைத்து வைக்கும் அதிகாரமும் இருக்கக் கூடாது. இரண்டையும் சட்டத்தால் பிரிக்க வேண்டும். காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால், அதற்கான வழி உங்கள் அவையிலேயே இருக்கிறது.

அதிகாரங்களைப் பிரிப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1854-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை குறித்து விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, மறு ஆண்டே அதன் அறிக்கை வந்தது. விரல்களை நசுக்கும் கிட்டியையும், உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாளையும் பற்றி அந்த அறிக்கை பேசுகிறது. வரி வசூலிக்கும் தாசில்தாரிடமே காவல் அதிகாரமும் இருந்ததால், அடிபட்டவன் முறையிடப் போக வேண்டிய இடமும் அடித்தவனின் இடமாகவே இருந்தது. வருவாய்த்துறையிலிருந்து காவல்துறையைப் பிரித்த 1859-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அறிக்கையைத் தொடர்ந்தே வந்தது. ஆனால், ஆளைப் பிடிப்பதும் அடைப்பதும் விசாரிப்பதும் அன்றைக்கு ஒரே கையில் விடப்பட்டன. ஏறத்தாழ 165 ஆண்டுகளுக்குப் பின்னும் அவை அங்கேயே இருக்கின்றன.

இங்கிலாந்தும் இந்த இடத்தில் தவறியது உண்டு. 1972-இல் லண்டனில் நடந்த ஒரு கொலை வழக்கில் 18, 15, 14 வயதுடைய மூன்று பேர், அவர்களில் ஒருவர் மனவளர்ச்சிக் குறையுள்ளவர், காவல் நிலையத்தில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தின் பேரில் தண்டிக்கப்பட்டார்கள். 1975-இல் அந்தத் தண்டனை ரத்தானது. அதன் பிறகு எழுந்த கேள்விகளும், தொடர்ந்து அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் 1981 அறிக்கையும் சேர்ந்துதான் 1984-ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றச் சான்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தன. அந்தச் சட்டத்தின்படி, கைது செய்யப்பட்டவர் நிலையத்துக்குள் வந்ததும் அவருடைய பொறுப்பு முழுவதும் வழக்கை விசாரிக்காத, சார்ஜன்ட் நிலைக்குக் குறையாத தனி அலுவலர் ஒருவரிடம் போகிறது. கைதானவரை அடைத்து வைக்கப் போதிய காரணம் இருக்கிறதா என்று தீர்மானிப்பவர் அந்த அலுவலரே. உணவு, உறக்கம், மருத்துவர், வழக்கறிஞர், விசாரணைக்கு அழைத்துச் சென்ற நேரம், திரும்பிய நேரம் என அனைத்தும் அவர் பராமரிக்கும் பதிவேட்டில் ஏறுகின்றன. முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு முறையும், பிறகு ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு முறையும், விசாரணையில் தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவர் காவலைத் தொடர்வது அவசியமா என்று பார்க்கிறார். சட்ட ஆலோசனை இலவசம். பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பார்வையாளர்கள் முன்னறிவிப்பின்றி உள்ளே வந்து அடைபட்டிருப்பவரோடு பேசலாம். 2002-இல் இதுவும் சட்டமானது. அங்கே காவல் மரணமே நிகழவில்லை என்று நான் சொல்லவில்லை. நிகழ்ந்தால், எந்த மணியில் யாருடைய பொறுப்பில் அவர் இருந்தார் என்று காட்ட ஏடு இருக்கிறது என்கிறேன்.

காவல் சீர்திருத்தம் என்றதும் நம்மில் பலர் ஜப்பானைச் சுட்டுகிறார்கள். தெருமுனையில் இருக்கும் 'கோபான்' என்னும் சிறு காவல் சாவடியும், வழி கேட்பவருக்கு வரைபடம் காட்டும் காவலரும் பாராட்டத்தக்கவையே. 1983-இல் சிங்கப்பூர் அந்த முறையைத் தழுவித் தன் குடியிருப்புக் காவல் சாவடிகளை அமைத்தது. ஆனால், அதே ஜப்பானில் குற்றம் சாட்டப்படுவதற்கு முன்பாகவே ஒருவரை 23 நாட்கள் வரை, பெரும்பாலும் காவல் நிலைய அறையிலேயே, வைத்திருக்க முடியும். விசாரணையின்போது வழக்கறிஞர் உடனிருக்க உரிமை இல்லை. அடைப்பவரும் விசாரிப்பவரும் வேறாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டத்திலும் எழுதியிருக்கிறது. எனினும், அத்தனை நாட்கள் ஒரே கட்டடத்தில் கழியும்போது அந்தப் பிரிவினை வலுவிழக்கிறது. 1966-இல் கைதான இவாவோ ஹகமாடா, மரண தண்டனைக் கைதியாக 2014 வரை சிறையில் இருந்து, 2024 செப்டம்பரில்தான் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார். அவருடைய ஒப்புதல் மனிதத்தன்மையற்ற விசாரணையால் பெறப்பட்டது என்று நீதிமன்றம் கூறியது. ஆகவே, காவலர் தெருவில் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து ஒரு நாட்டின் காவல்துறையை எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது, நிலையத்தில் கேமரா இருந்தும் அதன் பதிவுகள் அன்றாடம் தானே அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டார். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் கேமராக்கள் வேண்டும், பதிவுகளை 18 மாதங்கள் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணவில்லை என்ற புகாரில் பிடிக்கப்பட்ட கோயில் காவலாளி, தனிப்படையினர் அடித்ததில் இறந்தார். அவர் உயிர் பிரிந்தது எந்த நிலையத்துக் கேமராவின் முன்னும் அல்ல. கேமரா மட்டும் போதாது என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். ஆளைப் பிடித்த உடனே பொறுப்பேற்றுக்கொள்ளும் ஒரு மனிதர் வேண்டும். அவரிடம் ஒப்படைக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருந்தாலும் அது சட்டவிரோதக் காவல் என்றாக வேண்டும்.

அப்படியானால் குற்றத்தை எப்படித் துப்பறிவது என்று காவல்துறை நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காவலரிடம் சொல்லும் ஒப்புதல் 1872-ஆம் ஆண்டிலிருந்தே நீதிமன்றத்தில் செல்லாது. அந்த விதிக்கு உள்ள விலக்குதான் அடிக்கத் தூண்டுகிறது. கைதானவர் சொன்னதன் வழியாகப் பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அவர் சொன்னது சான்றாகிறது. 'ரெகவரி' என்ற சொல்லுக்கு நிலையங்களில் இருக்கும் மதிப்பு இங்கிருந்துதான் வருகிறது. நகையை மீட்டாக வேண்டும் என்று மேலதிகாரியால் நெருக்கப்படும் ஒருவரிடமே லாக்கப் சாவியையும் கொடுத்துவிட்டு, அவருடைய நல்ல மனத்தை மட்டும் நம்பியிருப்பது அவருக்கும் நாம் செய்யும் அநீதி.

ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும் என்பதையும் அறிவேன். பாரா பார்க்கவும் பந்தோபஸ்துக்கு அனுப்பவுமே காவலர் போதாத நிலையங்களை நானும் பார்க்கிறேன். ஆனால், ஒவ்வொரு நிலையத்திலும் லாக்கப் வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் இதற்கென ஒதுக்கப்பட்ட நிலையங்களில்தான் கைதானவர்களை வைக்கிறார்கள். நாமும் உட்கோட்டத்துக்கு ஒன்று எனத் தொடங்கி, அங்கே மருத்துவரும் சட்ட உதவி வழக்கறிஞரும் வந்துபோக வழி செய்து, மற்ற லாக்கப்புகளை மூடிவிடலாம். சட்டத்தில் பிடிமானமும் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, ஒவ்வொரு நிலையத்திலும் கைதானவர்களின் விவரங்களைப் பராமரிக்க ஓர் அலுவலரைக் குறித்து வைக்கச் சொல்கிறது. இன்று அது பெயரும் முகவரியும் எழுதும் வேலை. அந்த அலுவலரை நிலைய ஆய்வாளரின் கட்டுப்பாட்டிலிருந்து எடுத்து, வேறொரு மேலதிகாரிக்குப் பதில் சொல்லும்படி வைத்து, கைதானவரின் உடலுக்கும் உயிருக்கும் பொறுப்பாக்கும் விதிகளை மாநிலமே கொண்டுவர முயலலாம்.

இதோடு ஒட்டிய ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2006-இல், காவல் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில், காவலர்கள் மீதான புகார்களை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம் விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாம் 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் காவல்துறைத் தலைமை இயக்குநரை உறுப்பினராகவும் வைத்தது. வட அயர்லாந்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து காவல்துறைக்கு வெளியே உள்ள தனி அலுவலகம்தான் இப்புகார்களை விசாரிக்கிறது. 1861-ஆம் ஆண்டின் இந்தியக் காவல் சட்டத்துக்கு முன்மாதிரி அயர்லாந்துக் காவல்படை. அந்த முன்மாதிரி பிறந்த தீவிலேயே அதை விட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்.

அடுத்த காவல்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் உங்கள் தொகுதியில் உள்ள ஒரு நிலையத்துக்கு, முடிந்தால் இரவில், சென்று வாருங்கள். உள்ளே இருப்பவர் எத்தனை மணிக்கு வந்தார், அவருக்கு யார் பொறுப்பு, அதை எந்த ஏட்டில் யார் எழுதினார் என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை அவைக் குறிப்பில் ஏறும்படி பேசுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான திருத்தத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு சட்ட உதவி வழக்கறிஞர்