நம்பர் சுவரில் இருக்கிறது, பேச இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி மாணவர்களின் மனநலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனக்கஷ்டம் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள் என்று முடித்திருந்தார்கள். எனக்குச் சொல்ல இருப்பதே அதைப் பற்றித்தான்.

நான் வியாசர்பாடியில் இருக்கிறேன். என் மகள் ஒன்பதாவது படித்தபோது, காலையில் யூனிஃபார்ம் போட்டதும் வயிறு வலிக்கிறது என்பாள். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. தெருமுனை கிளினிக்கில் இரண்டு மாதம் கேஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். வகுப்பில் யாருமே அவளோடு பேசாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று தெரிவதற்குள் அரையாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. பள்ளிச் சுவரில் 14417 என்று பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணை எழுதியிருக்கிறதே, ஒரு போன் செய்திருக்கலாமே என்றேன். "எங்கம்மா நின்னு பேசறது?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. எங்களுக்கு வீடே ஒரு அறைதான். அவள் அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், அவர் போனும் அவரோடு துறைமுகத்துக்குப் போய்விடும். என் போனில் பேசினால் மாமியாரில் இருந்து பக்கத்து வீடு வரை கேட்கும். கொருக்குப்பேட்டை, காசிமேடு, புளியந்தோப்பு என்று எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் இப்படித்தான். 14416-ஐ நான் குறை சொல்லவில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய நல்ல சேவை, இலவசம், ராத்திரியிலும் பேசலாம். ஆனால் எங்கள் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து பேச ஓர் இடம் கிடைக்கும் என்றால் அது பள்ளிக்கூடம்தான்.

இதை உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்த மாணவி இறந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று தந்த தீர்ப்பு அது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனத்தில், பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைக் கேட்டேன். ஒரு டீச்சரைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறோம் என்றார்கள். தங்கமான டீச்சர். ஆனால் கணக்குப் பாடமும் அவர்தான், மார்க் போடுவதும் அவர்தான், பேசுவது வராந்தாவில். எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்பதே திட்டுகிற வார்த்தை. அங்கே இருக்கிற அரசு மனநல மருத்துவமனை எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறது, ஆனாலும் பெயரைக் கேட்டாலே பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருப்பது என் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அங்கே போனால் ஒரு நாள் கூலி போகும். பள்ளியிலேயே விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால், யாரை அனுப்ப வேண்டும், யாருக்கு நாலு வார்த்தை போதும் என்று அவர் பார்த்துச் சொல்வார். நாங்கள் இரண்டு மாதம் மாத்திரை கொடுத்திருக்க மாட்டோம்.

எல்லாப் பள்ளிக்கும் உடனே ஆள் போட முடியாது என்றால் சரி, மூன்று பள்ளிக்கு ஒருவர், கிழமை வைத்து வரட்டும். கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு அறையைக் கொடுங்கள். எப்போது வருவார் என்று தேதியைச் சொல்லுங்கள். என் மகள் இந்த வருடம் பத்தாவது. மார்ச்சில் பொதுத்தேர்வு.

இப்படிக்கு,
ஒரு தாய், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்
வியாசர்பாடி, சென்னை