அந்த எட்டு லட்சத்தை மருத்துவமனைக்குக் கட்ட விடுங்கள்

தாய்லாந்தில் ஓய்வுக்கால விசா நீட்டிப்புக்கு விதி வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்த மடலைத் தாய்லாந்து மொழியிலும் எழுதுவித்துத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தமிழில் வெளியிடுவது, என்னைப் போல இந்த நாட்டில் முதுமையைக் கழிக்கும் தமிழர்களும், வரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் படிக்கவேண்டும் என்பதற்காக.

விதியை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 50 வயது கடந்த வெளிநாட்டவர் இங்கே ஓராண்டு தங்க, தன் பெயரில் தாய்லாந்து வங்கி ஒன்றில் 8 லட்சம் பாட் வைத்திருக்கவேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டவேண்டும். 2019 மார்ச் முதல் இதில் இன்னொரு பூட்டும் சேர்ந்தது. விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம் 8 லட்சம் முழுதாக இருக்கவேண்டும். நீட்டிப்பு கிடைத்தபின் மூன்று மாதம் அதில் கை வைக்கக்கூடாது. மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே போகவே கூடாது. ஆக, ஓராண்டில் ஐந்து மாதம் அந்தப் பணம் முழுதும் முடக்கம். ஏழு மாதம் பாதி முடக்கம். 4 லட்சம் பாட் ஆண்டு முழுவதும், நாங்கள் இங்கே வாழும்வரை, எங்களுடையது என்று எழுதி வைத்த, எங்களால் தொட முடியாத பணம்.

இதனால் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்த ஆண்டு எனக்கு நீட்டிப்பு கிடைத்த சில வாரங்களில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கத்திலிருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது, இந்த வயதில் படுக்கையிலேயே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும் என்று மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு கணக்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தார். மதிப்பீடு மூன்று லட்சம் பாட்டுக்கு மேல். பாதியை முன்பணமாகக் கட்டவேண்டும்.

என் சட்டைப் பையில் பாஸ்புக் இருந்தது. அதில் 8 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வைத்தது உங்கள் விதி. தொட்டால் அடுத்த நீட்டிப்பு மறுக்கப்படும் என்று நான் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளின் நகலும் என்னிடமே இருந்தது.

மறுநாள் காலையில், மனைவியை மருத்துவமனையில் விட்டுவிட்டு, மதிப்பீட்டுத் தாளோடு குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் வாங்கி, உட்கார்ந்து, கவுண்டரில் அந்தத் தாளை விரித்து வைத்தேன். அங்கிருந்த இளம் பெண் அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு நாற்காலி தரச் சொன்னார், தாளை முழுதாகப் படித்தார், உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டும் வந்தார். மருத்துவச் செலவுக்கு என்று விதியில் எதுவும் இல்லை என்றார். இல்லைதான். மனிதர்களுக்கு நோய் வரும், முதியவர்களுக்கு அதிகமாகவே வரும் என்பதற்கு, முதியவர்களுக்காகவே எழுதப்பட்ட அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை.

அன்று பிற்பகல் என் மனைவியின் வளையல்களை அடகுக் கடைக்குக் கொண்டுபோனேன். மருத்துவமனையில் நர்ஸ் அவள் கையில் சோப்பு நுரை தடவிக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெயர் எழுதி என்னிடம் கொடுத்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்டவை. இந்த ஊரில் புழங்குவது 96.5 சதவீதத் தங்கம். நம் 22 காரட் நகையைப் பார்த்ததும் கடைக்காரர் உரசிப் பார்த்து, தலையை ஆட்டி, மதிப்பைக் குறைத்துத்தான் போட்டார். அது போதவில்லை. சிலோம் சாலை மாரியம்மன் கோயிலில் பழகிய ஒரு குடும்பம் கைமாற்றாகக் கொடுத்தது. கோயம்புத்தூரிலிருந்து மகன் அனுப்ப முயன்றான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் படிவம், பான் கார்டு, காரணம் என்று அங்கே வங்கியில் நாட்கள் ஓடின. அறுவை சிகிச்சை நடந்தது. அவள் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். எங்களுக்குக் கடன் இருக்கிறது. 8 லட்சமும் அப்படியே இருக்கிறது.

நீட்டிப்பு தந்தபோதே, மூன்று மாதம் கழித்து பாஸ்புக்கோடு மீண்டும் வரச் சொல்லியிருந்தார்கள். போனேன். அதிகாரி பக்கங்களைப் புரட்டி, இருப்புத் தொகை வரிசையில் பென்சில் முனையை மேலிருந்து கீழே ஓட்டி, ஓரிடத்திலும் குறையவில்லை என்று பார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் இந்த மடலை எழுதியே தீரவேண்டும் என்று முடிவு செய்தேன். எதுவும் சரியாக இல்லை, ஐயா. அந்த வரிசையில் ஓரிடத்தில் குறைந்திருக்கவேண்டும். என் மனைவி விழுந்த வாரத்தில் குறைந்திருக்கவேண்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. நீட்டிப்புக்காக வைத்திருக்கும் பணத்தை, விண்ணப்பதாரர் அல்லது அவரைச் சார்ந்திருக்கும் துணைவரின் அவசர மருத்துவத்துக்கு எடுக்க அனுமதியுங்கள். அதை ஏமாற்றுக்கு இடமில்லாமல் செய்ய முடியும். பணத்தை எங்கள் கையில் தரவேண்டாம். வங்கியே நேராக மருத்துவமனையின் கணக்குக்கு அனுப்பட்டும். மருத்துவரின் சான்றும் ரசீதும் குடிவரவு அலுவலகத்தில் கொடுக்கப்படட்டும். குறைந்த தொகையை ஈடுசெய்ய ஆறு மாத அவகாசம் தாருங்கள். விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை, அதில் ஒரு கதவு வைக்கச் சொல்கிறேன்.

இது உங்கள் நாட்டின் நலனுக்கும் உகந்தது. 2019 அக்டோபர் 31 முதல், வெளிநாட்டிலுள்ள உங்கள் தூதரகங்களில் வாங்கிவரும் ஓ-ஏ வகை ஓய்வுக்கால விசாக்காரர்களுக்கு மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கினீர்கள். வெளிநாட்டவர் சிலர் மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டாமல் போவது பொது மருத்துவமனைகளுக்குச் சுமையாகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நியாயமான காரணம். அப்போது உள்நோயாளிக்கு 4 லட்சம் பாட் என்றிருந்த காப்பு பிறகு 30 லட்சமாக உயர்ந்தது. எழுபது கடந்தவருக்கு அந்தத் தொகைக்குக் காப்பீடு தரும் நிறுவனத்தைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது வேறு கதை. எங்கள் விசா அந்த வகை அல்ல. ஆனால் கட்டணம் பாக்கி விழக்கூடாது என்பது உங்கள் கவலையென்றால், கட்டுவதற்கு எங்களிடம் பணம் இருக்கிறது. அது உங்கள் நாட்டு வங்கியிலேயே இருக்கிறது. அதைக் கட்டவிடாமல் தடுப்பது எந்தக் கவலையைத் தீர்க்கிறது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் புரியவில்லை.

விழுந்தது நானாக இருந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கணக்கு விண்ணப்பதாரர் ஒருவர் பெயரில் மட்டுமே இருக்கவேண்டும் என்கிறீர்கள். நான் நினைவிழந்து கிடந்தால் என் மனைவியால் அதிலிருந்து ஒரு பாட்கூட எடுக்க முடியாது. நான் இறந்துவிட்டால், நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமிக்கும்வரை வங்கி அந்தக் கணக்கைத் திறக்காது. அவளுடைய தங்கும் அனுமதியோ என் அனுமதியைச் சார்ந்தது. கணவனும் போய், பணமும் முடங்கி, விசாவும் இல்லாமல் ஒரு முதியவள் அந்நிய நாட்டில் நிற்பாள். எங்கள் தலைமுறைப் பெண்கள் பலருக்கு அவர்கள் பெயரில் எந்தக் கணக்கும் கிடையாது என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். ஆகவே கணவன் மனைவி கூட்டுக் கணக்கையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இதுவும் அதே கோரிக்கையின் மறுபாதிதான்.

பணத்தை முடக்காமல் மாத வருமானத்தைக் காட்டலாமே என்று கேட்பீர்கள். 65,000 பாட் என்பது இந்தியப் பணத்தில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல். இந்தியாவில் ஓய்வு பெற்ற பெரும்பாலோருக்கு அவ்வளவு ஓய்வூதியம் கனவிலும் இல்லை. ஓய்வூதியத்தையும் இருப்பையும் கூட்டி ஆண்டுக்கு 8 லட்சம் காட்டும் வழியும் விதியில் இருக்கிறது. ஆனால் வருமானத்துக்கு எந்தச் சான்று செல்லும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுகிறது. 2019 தொடக்கத்தில் அமெரிக்க, பிரிட்டிஷ் தூதரகங்கள் வருமானக் கடிதம் தருவதை நிறுத்தியபோது அந்த நாட்டு முதியவர்களே திண்டாடினார்கள். நான் கொண்டுபோன ஓய்வூதிய ஆணையை எங்கள் அலுவலகத்தில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பக்கத்து மாகாணத்தில் ஒரு நண்பரிடம் அதே போன்ற தாளை வாங்கிக்கொண்டார்கள். ஒரே சட்டம், ஒரே சீருடை, இரண்டு பதில்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் டிஎம் 7 என்னும் நீட்டிப்பு விண்ணப்பப் படிவத்தோடு ஒரு கட்டுத் தாள் தருகிறோம். பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஜெராக்ஸ், அதில் ஒவ்வொன்றிலும் கையெழுத்து. வங்கிக் கடிதம். அன்றைக்கே வரவு பதிந்த பாஸ்புக், அதற்காகக் காலையில் வங்கி திறந்ததும் 100 பாட் போட்டுப் பதிந்துகொண்டு ஓடவேண்டும். வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம். வீட்டு வாசலில் நாங்கள் நிற்கும் புகைப்படம். 1979 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 38 ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் தெரிவித்ததற்கான டிஎம் 30 ரசீது. அதன்பின் தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை, நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன் என்று தெரிவிக்கும் டிஎம் 47 படிவம். தவறினால் 2,000 பாட் அபராதம். இவற்றில் எதையும் நான் மறுத்ததில்லை. கட்டணம் 1,900 பாட்டை எண்ணிக் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்தி, கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

2024 ஜூலையில் 93 நாடுகளின் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதி கொடுத்தீர்கள். இந்தியர்களும் அதில் இருந்தார்கள். மகிழ்ச்சி. ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம் காட்டும் ஓய்வூதியருக்கு 2022 முதல் பத்தாண்டு விசா இருக்கிறது. அவர் தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை வரவேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை தெரிவித்தால் போதும். வந்து போகிறவருக்கும் வழி திறந்திருக்கிறது, வசதி படைத்தவருக்கும் திறந்திருக்கிறது. ரத்தினக்கல் நிறுவனத்தில் கொள்முதல் பார்த்து, வேலை அனுமதி பெற்று, ஆண்டுதோறும் வருமான வரி கட்டி, தலை நரைத்து, இனி இதுதான் ஊர் என்று தங்கிவிட்ட எங்களிடம்தான், சொந்தப் பணத்தைத் தொட்டால் வெளியேறவேண்டியிருக்கும் என்கிறீர்கள். நீட்டிப்பு மறுக்கப்பட்டவருக்கு நீங்கள் தருவது ஏழு நாள். இடுப்பு எலும்பு முறிந்தவளை ஏழு நாளில் எப்படி விமானம் ஏற்றுவது?

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. வேண்டுகோளுக்குத் திரும்புகிறேன்.

இந்த நாட்டின் மீது எனக்குக் குறையில்லை. அறுவை சிகிச்சை முடிந்த இரவில், பெயர்கூடத் தெரியாத பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் எனக்கும் சேர்த்துக் கஞ்சி வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனாள். இப்படிப்பட்ட மக்களிடையே வாழ்வதற்காகத்தான் இத்தனை தாள்களையும் சுமக்கிறோம். அவர்களுடைய அரசு எங்களை நம்பவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. மருத்துவரையும் வங்கியையும் நம்பினால் போதும்.

எனவே தயவுகூர்ந்து, ஓய்வுக்கால நீட்டிப்புக்காக வைக்கப்படும் தொகையை அவசர மருத்துவத்துக்குச் செலுத்த அனுமதித்தும், கணவன் மனைவி கூட்டுக் கணக்கை ஏற்றும் ஓர் ஆணை பிறப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதை எல்லா மாகாண அலுவலகங்களுக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள். இல்லையென்றால் எங்கள் கவுண்டருக்கு அது வந்து சேராது. புதிய விதி எழுத நாளாகும் என்றால், அதுவரை மருத்துவமனை ரசீதோடு வருபவரின் நீட்டிப்பை மறுக்கவேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். அடுத்த நீட்டிப்புக்கான என் இரண்டு மாதக் கணக்கு தொடங்குவதற்குள் பதில் கிடைத்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

பணிவுடன்,
பாங்காக்கை அடுத்த மாகாணம் ஒன்றில் வசிக்கும் தமிழ் ஓய்வூதியர் ஒருவர்